பிழைத்தவனின் கவசம்

இரண்டாவது தடவையும் சரக்கு சரியில்லை என்று ஜெர்மனியிலிருந்து போன் வந்தபோது நான் தலைச்சீராவை, அதாவது வீரர்கள் போடும் இரும்புத் தொப்பியை, மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணுக்கு நேரே வெட்டிய பிளவு அளவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் அதை மாட்டித்தான் ஆக வேண்டும். என் மண்டைதான் ஐரோப்பிய அளவுக்கு இருக்கிறது என்று பட்டறையில் எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்கள். அந்த இரண்டரைக் கிலோ இரும்பைக் கழற்றுவதற்குள் போன் மணி நின்றுவிட்டது. நான்தான் திரும்பக் கூப்பிட்டேன்.

“மாமா, கோவிச்சுக்கிடாதீங்க,” என்றான் எபி. என் அக்கா மகன். அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் அவன் வழியாகத்தான் வரும். “மொதல்ல அனுப்புனது லாரியிலேர்ந்து விழுந்த மாதிரி இருக்குன்னாரு ஆர்டர் குடுத்தவரு. இது கடலுக்குள்ள கிடந்த மாதிரி இருக்காம். இதைப் போட்டிருந்தவன் செத்துட்டானான்னு கேக்காரு.”

“செத்தா செத்துட்டுப் போறான். பழசு மாதிரி வேணும்னு நீதானலே சொன்ன?”

“அந்தப் பழசு இல்ல மாமா. சண்டைக்குப் போயி, அடிபட்டு, பொழச்சு வந்தவன் போட்டிருந்த மாதிரி வேணுமாம். ஆளு உயிரோட இருக்கணும். இன்னும் ஒரு சாம்பிள் பாப்பாராம். அதுவும் சரிவரலன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்னுட்டாரு.”

முப்பது செட் ஆர்டர். எனக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய கவலை. அதே மாதம் எங்கள் பாலீஷ்காரர் ஐயம்பெருமாளுக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல நாள் குறித்திருந்தார்கள். தன்னை வெட்டியவனைக் கூண்டில் ஏறிக் காட்ட வேண்டும். காட்டுவதா வேண்டாமா என்று அந்த மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் பத்தடி தூரத்தில் வேலை பார்த்தவர்.

பாளையங்கோட்டையில் இப்படி ஒரு பட்டறை நடப்பது பாளையங்கோட்டைக்காரர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. இருபது வருஷம் கிரில் கேட்டும் ஷட்டரும் செய்துகொண்டிருந்தவன் நான். எபி ஒரு நாள் ஒரு படத்தை அனுப்பி, இந்த இரும்புச் சட்டையைச் செய்ய முடியுமா என்று கேட்டான். ஐரோப்பாவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று நாள் காட்டுக்குள் கூடாரம் அடித்து, ராஜா காலத்து வீரர்களாக வேஷம் போட்டு, கூர் இல்லாத வாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். அதில் டாக்டர் உண்டு, வாத்தியார் உண்டு. ஆனால் சாமான் எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும், ஒரு ஆணி கூட மாறக் கூடாது. இரும்பு வளையங்களைக் கோத்துச் சங்கிலிச் சட்டை பின்னுவதற்குத் தனலட்சுமி வந்தாள். பத்து வருஷம் பீடி சுற்றிய விரல், வளையம் கோப்பதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் இது எதற்கு என்று தெரிந்தாக வேண்டும் என்றாள். நாம் குலசைத் தசராவுக்கு வேஷம் கட்டுகிறோமே, அது மாதிரி என்றேன்.

“எந்தச் சாமிக்கு அண்ணாச்சி நேந்திருக்காவ?”

“சாமியெல்லாம் இல்லம்மா. சும்மாதான்.”

“சும்மாவா?” என்று கையிலிருந்த வளையத்தைக் கீழே வைத்துவிட்டாள். நேர்ச்சை இல்லாமல் ஒருவன் இவ்வளவு இரும்பைச் சுமப்பான் என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை.

சாமான்களுக்குப் பெயர் வைத்தது என் மனைவி சாரம்மாள். ஞாயிறு பள்ளியில் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவள். தலைக்கு மாட்டுவது தலைச்சீரா, நெஞ்சுக்கு மார்க்கவசம், வாளுக்குப் பட்டயம். ஆலயத்தில் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போன வார்த்தைகள். அளவு வரைய வந்த செந்தில்முருகனிடம் முதல் வாரமே, “பட்டயத்தை எண்ணெய் போட்டுத் தொடைச்சுப் பெட்டியில வைப்பா” என்று அவள் சொல்ல, அவன் முகம் வெளுத்துப்போய் என்னிடம் ஓடி வந்தான். “அண்ணாச்சி, அது ஒரிஜினல். அதுல எதுக்கு எண்ணெய் போடச் சொல்லுதாவ?” பாலிடெக்னிக் முடித்த சான்றிதழைச் சேரும்போது எங்களிடம் காட்டக் கொடுத்திருந்தான். அரசாங்கத் தமிழில் அதுவும் பட்டயம்தான்.

வார்த்தையால் வந்த இந்த வினைக்குச் சிரித்த நானே ‘பழசு’ என்ற வார்த்தையில் போய் விழுந்தேன். எங்கள் ஊரில் ஒரு பழைய சாமானை அடுத்தவரிடம் கொடுப்பதென்றால் புளி போட்டுத் தேய்த்து, நசுங்கலை எடுத்துத்தான் கொடுப்போம். அழுக்கோடு கொடுத்தால் கொடுத்தவனுக்குத்தான் கேவலம். அதனால் முதல் சாம்பிளில் சுத்தியலால் பத்து இடத்தில் தட்டி நசுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் ஐயம்பெருமாளின் பாலீஷ் சக்கரத்துக்கும் அனுப்பிவிட்டேன். நசுங்கல் ஒவ்வொன்றும் கல்யாணவீட்டுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது சாம்பிளை உப்புத்தண்ணீரில் நான்கு நாள் ஊறப்போட்டேன். அதன் கதைதான் மேலே சொன்னது.

எபியோடு பேசி முடித்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அடிபட்டுப் பொழச்சவன். உயிரோட இருக்கணும். செந்தில்முருகன் இணையத்தில் படம் தேடுவதாகச் சொன்னான். தனலட்சுமி, சும்மா வேஷம் போடுகிறவனுக்கு இவ்வளவு ராங்கி ஆகாது என்றாள். ஐயம்பெருமாள் சக்கரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

“வெட்டுதவன் சோத்தாங்கைக்காரனா, பீச்சாங்கைக்காரனா அண்ணாச்சி?”

“யாரு வெட்டுதவன்?”

“எதுக்க நின்னு வெட்டுதவன் ஒருத்தன் உண்டுல்லா. அவன் எந்தக் கை?”

எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் மார்க்கவசத்தைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தினார். நான் சுத்தியலால் நசுக்கிய இடத்தையெல்லாம் காட்டி, “இங்கன எவனும் வெட்ட மாட்டான்” என்றார். “வெட்ட வாரவனுக்குத் தலதான் குறி. நெஞ்சையா பாப்பான்? ஒரு பட்டயத்த எடுத்து ஓங்குங்க, சொல்லுதேன்.”

அச்சுக்காகச் செய்துவைத்திருந்த மரவாள் ஒன்று கிடந்தது. அதை எடுத்து விளையாட்டாகத்தான் ஓங்கினேன். அவரே ஓங்கச் சொன்னவர்தான். ஆனாலும் அவர் இடதுகை தானாகத் தலைக்குமேலே போயிற்று, உடம்பு முழுக்க ஒரு பக்கமாக மடங்கிற்று, கண்ணை இறுக மூடிக்கொண்டார். சட்டைக்கை முழங்கைவரை இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி முழங்கை வரைக்கும் மூன்று தழும்புகள், சாய்வாக, ஒன்றுக்கொன்று விரல்கடை இடைவெளியில். வேலைக்குச் சேரும்போதே அதை நான் பார்த்திருக்கிறேன். தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லியிருந்தார். தகரம் மூன்று தடவை கிழிக்குமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, மரவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் சாதாரணமாகிவிட்டார். சாக்பீஸ் எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தார். கைக்கவசத்தில்தான் ஆழமான வெட்டுகள், அதுவும் வெளிப்பக்கம். அடுத்தது இடது தோள், கழுத்துக்குக் குறிவைத்துத் தவறினது. பிறகு முதுகில் ஒன்று, “திரும்பி ஓடுவான்லா, அப்பம் விழுந்தது.” தலைச்சீராவின் உச்சியில் ஒரு சறுக்கல் மட்டும். முழங்காலில் சிராய்ப்பு, விழுந்து எழுந்தது. எல்லாம் குறித்த பிறகு இன்னொன்றும் சொன்னார். “பொழச்சவன்னா மறுநாள் இதைச் சும்மா போட்டிருக்க மாட்டான் அண்ணாச்சி. தட்டி நிமித்திருப்பான். ஆனா முழுசா நிமிராது. எண்ணெய் தேச்சு வச்சிருப்பான். வெட்டு இருக்கும், துரு இருக்காது.”

அப்படியே செய்து படம் அனுப்பினோம். அரை மணி நேரத்தில் எபி கூப்பிட்டான். ஜெர்மனிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார்கள், எந்த மியூசியத்தில் பார்த்தார்கள் என்று கேட்டாராம். எங்கள் ஆள் ஒருவருக்கு அனுபவம் உண்டு என்று சொல்லடா என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் முப்பது செட்டையும் ஐயம்பெருமாளே குறித்தார். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். இவன் பீச்சாங்கைக்காரனிடம் மாட்டியவன், இவன் குட்டை, இவனுக்கு மேலிருந்துதான் எல்லாம் விழும், இவன் பயந்தவன், முன்பக்கம் ஒன்றுமே கிடையாது. பேசாத மனிதர் அந்த மூன்று வாரம் பேசினார். ஒரு செட்டில் மட்டும் கையில் மூன்று, முதுகில் ஒன்று போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். இவன் எப்படித் தப்பித்தான் என்று செந்தில்முருகன் கேட்டான்.

“வாய்க்காலுக்குள்ள கவுந்து கிடந்தான். செத்துட்டான்னு நெனச்சுப் போயிட்டான் வெட்டுனவன்,” என்றார்.

கடைசிப் பெட்டியில் ஆணி அடித்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து திங்கட்கிழமை லீவு வேண்டும் என்றார். சரக்கு ஏற்றும் நாள் அது. எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல். அடுத்த வயல் அவருடைய அத்தை வீட்டாருடையது. மடையை யார் முதலில் திறப்பது என்று தகராறு. பட்டப்பகல் பதினொரு மணிக்கு அத்தையின் இளைய மகன் கொம்பையா அரிவாளோடு வந்தான். சின்ன வயதில் ஒரே வாய்க்காலில் குளித்த மச்சான்தான். வழக்கு இழுத்து இழுத்து இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. வெட்டுப்பட்டவரே முதல் சாட்சி.

“சொல்ல வேண்டியதுதானவே? அதுல என்ன யோசனை?”

“என் தங்கச்சி அங்கனதான் வாக்கப்பட்டிருக்கா அண்ணாச்சி. கொம்பையாக்கு அண்ணன் பொண்டாட்டி.”

செல்லக்கிளி. நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. முந்தின நாள் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். நீ கொம்பையா பேரைச் சொன்னால் அன்றைக்கே என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிடு அண்ணே என்று. அப்பா அம்மா கிடையாது. ஐயம்பெருமாள் சமாதானபுரத்தில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

“அவளுக்கு அங்கன ஒரு வாழ்க்கை கெடக்கு. எனக்கு ஒரு கை. எது பெருசுன்னு தெரியல. ஆனா யாருன்னு தெரியலன்னு சொன்னா, மூணு வருஷமா ஊருக்குப் போவாம நான் இங்கன கெடக்குதது எதுக்கு?”

நான் அப்போது சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. “தெரியாதுன்னு சொல்லிட்டு வாரும்வே. காயம் ஆறிப்போச்சு. தங்கச்சி நல்லா இருக்கட்டும்” என்றேன். பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சாரம்மாள் பசைக் கையோடு எழுந்து வந்தாள்.

“ஜெர்மனிக்காரனுக்கு ஒவ்வொரு வெட்டும் எங்க விழுந்துச்சுன்னு காட்டச் சொன்னீங்க. மூணு வாரமா காட்டுனாரு. கோர்ட்டுல மட்டும் காட்டக் கூடாதோ?”

ஐயம்பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாரம்மாள் அவரிடம், “நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அது உங்க பாடு. இவுக கூட வருவாக” என்று என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாள். சரக்கு ஏற்றுவதை செந்தில்முருகன் பார்த்துக்கொள்வான் என்று அவளே முடிவும் பண்ணிவிட்டாள்.

திங்கட்கிழமை என் ஸ்கூட்டரில்தான் போனோம். கோர்ட் வாசலில் டீ குடிக்கும்போது, “தெரியலன்னுதான் சொல்லப்போறேன் அண்ணாச்சி” என்றார். சரி என்றேன். அரசு வக்கீல் இரண்டு நிமிஷம் வந்து, போலீஸில் கொடுத்த வாக்குமூலம் நினைவிருக்கிறதல்லவா என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் ஐயம்பெருமாள் தலையை ஆட்டினார்.

மேலே வராந்தாவில் எதிர்த்தரப்பு முழுக் குடும்பமும் ஒரு நீள பெஞ்சில் இருந்தது. ஜாமீனில் இருந்த கொம்பையா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். முன்னந்தலை வழுக்கை விழுந்து, ஏதோ ரேஷன் கடையில் எடை போடுகிறவன் மாதிரி இருந்தான். அவன் அம்மா ஐயம்பெருமாளைப் பார்த்ததும், “மெலிஞ்சு போயிட்டியேய்யா மருமவனே. சாப்பிடுதியா இல்லியா?” என்றாள். நடிப்பில்லை. அத்தைதானே, நிஜமாகவே கேட்டாள். இவரும் “சாப்பிடுதேன் அத்தே” என்றார். பெஞ்சின் கடைசியில் புருஷனுக்குப் பக்கத்தில், மடியில் பிள்ளையோடு செல்லக்கிளி. அண்ணனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாங்கள் எதிர்ச்சுவரை ஒட்டி நின்றோம். ஒரு மணி நேரம் போயிற்று. வழக்கு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வக்கீல்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அடுத்தது நம்முடையதுதான் என்று ஒரு குமாஸ்தா வந்து சொன்னார். ஐயம்பெருமாள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போது செல்லக்கிளி எழுந்தாள். புருஷன் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்து, இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டான். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். பெரிய பை. இரண்டு கையாலும் தூக்க வேண்டியதை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வராந்தாவைக் கடந்து எங்களிடம் வந்து, பையை என் காலடியில் வைத்தாள்.

“என்னட்டி இது?” என்றார் ஐயம்பெருமாள்.

“என் சேல நாலு. பிள்ளைக்கு உடுப்பு.”

“எதுக்கு?”

அவள் பிள்ளையின் கவுனைச் சரிசெய்தாள்.

“போன்ல அப்படி அழுதியே செல்லக்கிளி. தெரியாதுன்னு சொல்லச் சொன்னியே.”

“அன்னைக்குப் போனு ஸ்பீக்கர்ல கெடந்துச்சு அண்ணே. சுத்தி எல்லாரும் உக்காந்திருந்தாவ.”

உள்ளேயிருந்து டவாலி வாசலுக்கு வந்து, பெயரை மூன்று தடவை இழுத்துக் கூப்பிட்டார். ஐயம்பெருமாள் தங்கச்சியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், இன்னொரு தடவை யோசனை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. “பதறாம பையப் போண்ணே” என்றாள் செல்லக்கிளி. அவர் செருப்பைக் கழற்றி வாசல் ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார். கோர்ட்டில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல நினைப்பதற்குள் கொம்பையாவும் அவன் வக்கீலும் உள்ளே போக, பின்னாலேயே கூட்டம் நெருக்கிக்கொண்டு போய் அவரை மறைத்துவிட்டது.

செல்லக்கிளி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். அது நேராக வந்து துணிப்பையின் மேல் ஏறி உட்கார்ந்தது. பை நிறைந்து ஜிப் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. அந்த இடைவெளிக்குள் கையை விட்டு எதையோ தேடி, ஒரு எவர்சில்வர் பால் டம்ளரை வெளியே எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப் பெஞ்சில் இருந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.